மாலகாவிலிருந்து அனுப்பிய சிரிப்புகள்

கல்முனையில் ஒரு பெண் தன்னந்தனியாக ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆனால் சிபானா புறப்பட்டபோது ஊர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசாதது மட்டுமல்ல, வாழ்த்தியும் அனுப்பியது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோசத்தில் தலைகால் புரியாமல் நின்றவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

சிபானாவுக்கு நாற்பத்தொரு வயது. பெண்கள் பாடசாலை ஒன்றில் புவியியல் ஆசிரியை. பதினெட்டு வருடமாக உலகப் படத்தில் மத்தியதரைக் கடலைக் கம்பால் தொட்டுக் காட்டியவள், நாட்டை விட்டு வெளியே போனது ஒரேயொரு தடவை, மக்காவுக்கு, உம்றா செய்ய. அதுவும் கணவர் றம்ஸீனோடு. றம்ஸீன் டிக்கட், விசா, உம்றாப் பயணம் எல்லாம் ஒழுங்கு செய்துகொடுக்கும் ட்ரவல்ஸ் நடத்துகிறார். அந்த ட்ரவல்ஸ் இருப்பது சிபானாவின் வீட்டு முன்னறையில். வீடு அவளுடையது. கிழக்கிலங்கைக் கரையோரத்து வழக்கப்படி அவளுடைய வாப்பா மீராசாஹிபு மகளுக்கென்று கட்டி, மகள் பேருக்கே எழுதி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடினார். றம்ஸீன் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவர். பதினாறு வருடத்தில் பிள்ளை இல்லை. அதை வைத்து அவர் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை என்பதை ஆசிரியர் அறையில் அவள் வாய் நிறையச் சொல்லுவாள்.

ஸ்பெயின் யோசனை அவருடையதுதான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"டிசம்பர் லீவுல எங்கயாவது போவம்கா. நீ படத்துலயே பாத்துட்டிருந்தது போதும். ஸ்பெயின் கடக்கரை எப்பிடி?"

சிபானாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மாலகா என்ற ஊரை அவளே தேர்ந்தெடுத்தாள். முஸ்லிம்கள் எண்ணூறு வருடம் ஆண்ட தேசத்தில், மலையில் பழைய கோட்டையும் கீழே கடலுமாக இருக்கிற ஊர். பேப்பர் வேலை முழுவதையும் றம்ஸீனே பார்த்தார். ஒரு பின்னேரம் பெரிய கட்டாக விசாப் பத்திரங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார். தாள்களின் கீழ்மூலையை மட்டும் விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் அவள் போட்டாள். பிள்ளைகளின் தாளில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறவள், தன் கையெழுத்து எதன் கீழே விழுகிறது என்று பார்க்கவில்லை. பதினாறு வருடம் கூட வாழ்ந்த மனிதனின் விரல் தூக்கிப் பிடித்த தாளை யார் வாசித்துப் பார்ப்பார்கள்?

மூன்று கிழமையில் அவளுக்கு விசா வந்தது. அவருக்கு மறுத்துவிட்டார்களாம்.

"அப்ப நானும் போகல்ல," என்றாள் சிபானா.

"என்ன கதைக்கிறாய்? டிக்கட்டெல்லாம் எடுத்தாச்சி. நீ போய்ட்டு வா. பொம்புள தனியப் போனா என்ன, நான் உடுறன்தானே. ஆரு என்ன சொல்றயெண்டு நான் பாத்துக்கிறன்."

அந்த 'நான் உடுறன்தானே' அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர் ஆண் இப்படிச் சொல்லுவான்? தன் புருஷனுக்கு இருக்கிற மனசு இந்தக் கரையில் ஒருத்தனுக்கும் இல்லை என்று அவள் நம்பினாள். அவளோடு படிப்பிக்கும் தோழி பாஹிமா கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பெரிய மனசுகா சிபானா. எனக்கெல்லாம் ஏலாது," என்றாள். தனியாகப் போகும் தைரியத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். ட்ரவல்ஸில் வேலை செய்யும் றினோஸா பயணத்தாள்களை உறையில் அடுக்கி, எது எங்கே காட்டவேண்டும் என்று வரிசை எழுதிக் கொடுத்தபோது கண் கலங்கி நின்றாள். "நீங்க செய்த உதவிய நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டன் ராத்தா," என்றாள். பெருநாளைக்கு ஓர் உடுப்பு வாங்கிக் கொடுத்ததற்கா இவ்வளவு என்று சிபானா சிரித்தாள்.

புறப்பட்ட திங்கட்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம். காலையிலிருந்து கொட்டிய மழை விட்டிருந்தது. தூரப் பயணம் போகிறவர்கள் பள்ளிவாசலடியில் வாகனத்தை நிறுத்தி, உண்டியலில் ஏதாவது போட்டு, துஆ ஓதிவிட்டுப் போவது வழக்கம். சிபானாவின் காக்கா ஜுனைட் அந்தப் பள்ளியின் மரைக்காயர்களில் ஒருவர். நிர்வாகம் அவர்கள் கையில்தான். தொழுதுவிட்டு வந்தவர் அவள் இருந்த வான் வண்டிக்குள் தலையை நீட்டி, தங்கைக்காகத் துஆ ஓதினார். அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பிரிவுத் துயரம் என்று அவள் நினைத்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரு ஃபோட்டோ," என்றாள் வான் கண்ணாடியைத் திறந்து. கணவரும் காக்காவும் பள்ளி மதிலோரம் நின்றார்கள். றம்ஸீன் சிரித்தார். ஜுனைட் தொப்பியைச் சரிசெய்தார். அவள் படம் எடுத்தாள்.

மாலகா அவளை மயக்கிப்போட்டது. புதன்கிழமை முழுவதும் நடந்தாள். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று கேட்க ஓர் ஆளில்லை. கோட்டைப் படிகளில் ஏறினாள். செம்மண் மதில்களுக்கிடையே சின்னச் சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கடற்கரையில் பழைய தோணி ஒன்றில் மணலை நிரப்பி, அதன்மேல் தீ மூட்டி, மீனைக் கம்பியில் கோத்துச் சுட்டுக் கொடுத்தார்கள். பார்த்தால் நம்மூர்ச் சூடை மீன் மாதிரியே இருந்தது. ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, தனக்கென்று சாப்பாடு சொல்லி, கையால் பிய்த்துத் தின்றாள். நாற்பத்தொரு வயதில் அதுதான் முதல் தடவை.

றம்ஸீன் இரண்டு தரம் போன் எடுத்தார்.

"கடலுக்கிட்ட நிண்டு ஒரு ஃபோட்டோ அனுப்பு. சிரிச்சிட்டு நிக்கணும். போன தரம் அனுப்பினதுல முகம் தெரியல்ல."

பக்கத்தில் போன ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்து எடுத்து அனுப்பினாள். கறுப்பு அபாயா, ஊதா முக்காடு, பின்னால் நீலக் கடல், முகமெல்லாம் பல். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. பிறகு, "இன்னொண்டு அனுப்பு." மூன்று அனுப்பினாள். மனைவியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை போல என்று நினைத்து, ஹோட்டல் அறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். அதை நினைக்க நினைக்க இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

வியாழக்கிழமை பகல் பழைய சந்தைக் கட்டடத்துக்குப் போனாள். அதன் வாசல் பெரிய பளிங்கு வளைவு. உயரத்தில் இரண்டு கேடயங்கள். அவற்றில் அறபு எழுத்துகள். கீழிருந்து வாசிக்க முடியவில்லை. போனில் படமெடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் எவனும் இல்லை. அறுநூறு வருடத்துக்கு மேல் பழைய எழுத்து, உள்ளே மீனும் பழமும் விற்கிற சத்தம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் காட்ட அவர் பக்கத்தில் இல்லையே என்ற அழுகை.

வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்து, போனில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். கடல், கோட்டை, மீன், விமான இறக்கை, கடைசியில் பள்ளியடிப் படம். அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு, அதே இரண்டு விரலால் விரித்தாள். முகம் பெரிதாக வந்தது. அவர் தோளுக்குப் பின்னால் பள்ளியின் அறிவித்தல் பலகையும் வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பலகை. யாரோ இறந்துபோனதைச் சொல்லும் மையித்து அறிவித்தல், சந்தாப் பட்டியல், இவற்றுக்கு நடுவே முத்திரை குத்திய ஒரு தாள்.

வாசிக்கிற பழக்கம் யாரை விட்டது? சந்தை வாசலை வாசித்த கண் அதையும் வாசித்தது.

ஆதம்லெப்பை முஹம்மது றம்ஸீன் என்பவர், தமது மனைவி மீராசாஹிபு சிபானா விவாகபந்தத்தில் இருக்கையில், றினோஸா என்பவரை இரண்டாவதாக விவாகம் செய்ய உத்தேசித்துள்ளார். ஆட்சேபம் உள்ளவர்கள் அறியத்தரவும். கீழே திகதி. ஒரு மாதத்துக்கு முந்தைய திகதி. அதற்கும் கீழே நிகாஹ் நாள். வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின். நாளை.

ஒரு மாதம். அவள் தினமும் பாடசாலைக்குப் போகும் வழியில், ஆட்டோவுக்குள் இருந்தபடி கடந்துபோன பலகை. ஐந்து நேரமும் ஊர் ஆண்கள் செருப்பைக் கழற்றும் இடத்துக்கு நேரே இருக்கிற பலகை. அதில் ஒரு பெண் கண் வைப்பாள் என்ற நினைப்பு அந்த ஊரில் ஒருவனுக்கும் இருந்ததில்லை. அதனால்தான் அதற்கு முன்னாலேயே நின்று அவளுக்குச் சிரித்துக் காட்ட றம்ஸீனுக்கு முடிந்தது. சிபானாவும்தான் என்ன, நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளா?

அவருக்கு எடுக்க வாய் வரவில்லை. பாஹிமாவுக்கு எடுத்தாள்.

"என்னகா, ஸ்பெயின் எப்பிடி?"

"பாஹிமா, றம்ஸீன் கலியாணம் முடிக்கப்போறாரா?"

"நீ என்ன கேக்கிறாய் சிபானா? உனக்குத் தெரியும்தானே. நீ சம்மதம் குடுத்துட்டுத்தானே போயிருக்காய்? என்ட மாப்புள பள்ளியில பாத்துட்டு வந்து சொன்னாரு. நீ ஓம் எண்டு சொன்னதுக்குத்தான் அவர் உன்ன ஸ்பெயினுக்கு அனுப்புறாரெண்டு ஊரெல்லாம் கத. அதுதானே நான் பெரிய மனசெண்டு சொன்னன்."

சிபானா போனை மடியில் வைத்தாள். இந்தப் பயணம் அவளுக்குக் கொடுத்த விலையாம். அவள் அதை வாங்கிக்கொண்டு சம்மதித்தாளாம். வாழ்த்தியவர்கள் எல்லோரும் அதற்குத்தான் வாழ்த்தினார்களாம். றினோஸாவின் கலங்கிய கண் வந்து எதிரே நின்றது. அந்தப் பிள்ளை நன்றி சொன்னது உடுப்புக்கு இல்லை. அவளையும் சேர்த்துத்தான் அந்த மனிதன் ஏமாற்றியிருக்கிறான்.

காக்காவுக்கு எடுத்தாள்.

"என்னட்டச் சொல்ல உங்களுக்கு வாய் வரல்லயா காக்கா?"

"நான் என்னத்தச் சொல்ற? நீ கையெழுத்து வெச்ச கடிதத்த அவர் கொண்டு வந்து தந்தாரு. எனக்குப் புள்ள இல்ல, மனப்பூர்வமா சம்மதிக்கிறனெண்டு எழுதியிருந்திச்சி. நான் வேணாமெண்டுதான் முதல்ல சொன்னன். உன்ட கையெழுத்தப் பாத்தாப் பொறகு என்ன செய்ற?"

"கேட்டிருக்கலாமே. ரெண்டு வளவு தள்ளித்தானே இரிக்கிறன்."

"அத ஒரு காக்கா தங்கச்சிட்ட எப்பிடிப் புள்ள கேக்கிற? வெக்கமில்லயா? நேத்தும் பள்ளிக் கடப்புல, வாசலடியில வெச்சி உன்ட ஃபோட்டோவ எல்லாருக்கும் காட்டினாரு. கடக்கரையில நிண்டு சிரிக்கிற ஃபோட்டோ. சந்தோசமாத்தான் இரிக்கா, பாருங்க எண்டாரு."

சிரித்துக்கொண்டு நில், முகம் தெரியவேண்டும், இன்னொன்று அனுப்பு. அவர் கேட்டுக் கேட்டு வாங்கியது மனைவியின் முகத்தை இல்லை, சாட்சியை. அவள் தன் வாயாலேயே பல்லைக் காட்டிச் சாட்சி சொல்லியிருக்கிறாள்.

"அந்தக் கடிதத்த நான் கண்டதே இல்ல காக்கா. விசாப் பேப்பரெண்டு சொல்லி வாங்கினாரு."

"யா அல்லாஹ்," என்றார் ஜுனைட்.

ஒரு மணித்தியாலத்தில் றம்ஸீன் எடுத்தார். காக்கா போய்க் கேட்டிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்பார் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மூலை இன்னும் எதிர்பார்த்தது. அந்த மூலையை நினைத்துத்தான் பிறகு அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சி? உன்ன நான் குறைவா வெச்சிருக்கனா? இந்த ஊருல எவன் பொண்டாட்டிய ஐரோப்பாக்கு அனுப்பியிருக்கான், சொல்லு பாப்பம்."

"என்ட கையெழுத்த ஏன் களவெடுத்தீங்க?"

"கேட்டா நீ குடுப்பியா?"

அவ்வளவுதான் அவருடைய நியாயம். அவள் போனை வைத்தாள்.

ஹோட்டல் மேசையில் கடிதம் எழுதும் தாள் இருந்தது. கைப்பையில் இருந்தது விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா மட்டும். அதால் எழுதினாள்.

'மீராசாஹிபு சிபானா ஆகிய நான் எழுதுவது. என் கணவரின் இரண்டாம் விவாகத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. என் கையெழுத்து விசாப் பத்திரம் என்று பொய் சொல்லி வாங்கப்பட்டது. ஸ்பெயினுக்கு நான் விலை பேசி வரவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் அறியத்தரவும் என்று பலகையில் இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் உண்டு. என் வாப்பா எனக்குத் தந்த வீட்டின் சாவியை என் காக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, என் கணவர் தாம் கொண்டு வந்த பெட்டியோடு போகலாம்.'

படமெடுத்து ஜுனைட்டுக்கு அனுப்பினாள். அச்செடுத்து, நாளை ஜும்ஆத் தொழுகைக்கு முன் அதே பலகையில், அதே தாளுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னாள்.

"பொம்புளட கடிதத்தப் பள்ளிப் பலகையில ஒட்டின வழக்கம் இல்லியே புள்ள."

"பொம்புளட பேர ஒட்டின வழக்கம் மட்டும் இரிக்கா காக்கா?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாலகாவில் இன்னும் விடியவில்லை. கல்முனையில் பதினொன்றரை. அவள் சுபஹ் தொழுத பாயிலேயே இருந்தாள். போன் மினுங்கியது. காக்கா பலகையின் படம் அனுப்பியிருந்தார். விரித்துப் பார்த்தாள். அறிவித்தல் இல்லை. அவள் கடிதமும் இல்லை. மையித்து அறிவித்தலுக்கும் சந்தாப் பட்டியலுக்கும் நடுவே வெறும் பலகை.

எடுத்தாள். ஜுனைட்டின் குரலில் ஒரு பெரிய காரியத்தை முடித்த நிம்மதி இருந்தது.

"றினோஸாட வாப்பாவக் கண்டு கதைச்சன். அந்தப் புள்ள விசயம் தெரிஞ்சதும் மாட்டனெண்டுட்டு. நிகாஹ் நிண்டுட்டு. தாளையும் கழட்டிட்டன். சத்தமில்லாம முடிச்சிட்டன் புள்ள. நீ ஒண்டுக்கும் யோசிக்காம சுத்திப் பாத்துட்டு வா."

"ஒரு மாசம் சத்தமாத்தானே ஒட்டியிருந்தீங்க. என்ட கடிதம் எங்க?"

"அதான் நிண்டுட்டுத்தானே. அது இனி என்னத்துக்கு? குடும்ப மானமும் இரிக்கி."

"ஏன் நிண்டதெண்டு சனம் கேட்டா?"

"உனக்கு மனசு மாறிட்டெண்டு சொல்லியிரிக்கம்."

இதுதான் அவளை உடைத்தது. கணவர் செய்த துரோகத்துக்கு அழாமல் இருந்தவள், இப்போது வாய்விட்டு அழுதாள். மனசு மாறியதாம். அப்படியென்றால் முதலில் சம்மதித்தாள். ஸ்பெயினை வாங்கிக்கொண்டு சம்மதித்து, பிறகு பேச்சு மாறினாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் குழப்பினாள். காலத்துக்கும் ஊரில் நிலைக்கப்போகும் கதை இதுதான். அதைச் சொன்னது அவளோடு ஒரே வயிற்றில் பிறந்தவர்.

"காக்கா," என்றாள், அழுகையை அடக்காமலே. "வாப்பா மௌத்தாகும்போது என்னப் பாத்துக்கச் சொல்லி உங்களிட்டச் சொன்னாரு. அவர்ட மகள் பொய்க்காரியெண்டு நீங்களே ஊருக்குச் சொல்றீங்க. நீங்க ஒட்டுறயா, இல்ல பாடசாலை உம்மாமார்ர வட்ஸ்அப் குறூப்புக்கு நான் அனுப்பவா? முன்னூறு பேர் இரிக்காங்க. பாங்கு சொல்ல முன்ன முடிவு சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் காத்திருந்தாள். பாங்கு நேரம் வந்தது. பதில் இல்லை. சொன்னபடியே அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, கடற்கரைக்கு நடந்தாள்.

கடலின் மேல் வெளிச்சம் வரும்போது போன் அதிரத் தொடங்கியது. பெண்களின் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஜுனைட்டின் ஒரு படமும் இருந்தது. தொழுகை முடிந்து எடுத்தது. வெள்ளைத் தொப்பிகளின் பின்புறங்கள், அவற்றுக்கு அப்பால் பலகை, பலகையில் சிவப்பு எழுத்து. கோணலாக, அவசரமாக ஒட்டியிருந்தார். கீழே ஒரு வரி: 'பாங்கு சொன்ன உடன ஒட்டிட்டன். என்ட கையாலதான். மாப் பண்ணு புள்ள. சாவி என்னட்ட இரிக்கி.'

படத்தை விரித்தாள். தொப்பிகளுக்கிடையில் ஒரு முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. றம்ஸீன் வாசித்துக்கொண்டிருந்தார்.

வென்றோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காக்கா தானாக ஒட்டினாரா, முன்னூறு பெண்களுக்குப் பயந்து ஒட்டினாரா என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பின்னோக்கித் தள்ளி, புதன்கிழமைப் படத்தை எடுத்தாள். இதே இடம்தான். ஊதா முக்காடு, நீலக் கடல், முகமெல்லாம் பல். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அன்றைக்கு அவள் உண்மையிலேயே அவ்வளவு சந்தோசமாகத்தான் இருந்தாள். தன் போனில் அதை அழித்தாள். அவருடைய போனிலும், பள்ளிக் கடப்பில் நின்று பார்த்த அத்தனை ஆண்களின் கண்ணிலும் அதை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை.

இப்போதே ஊருக்குப் போகவேண்டும் போல இருந்தது. டிக்கட் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அதையும் அவரே பார்த்துத்தான் எடுத்திருந்தார்.